பனிமலை தந்த பாடம்

மலையின் எழிலைக் கண்டு மகிழ்வோர் பலர். அதன் சீற்றத்தை அறிந்து நடப்போர் சிலரே. ஐரோப்பாவின் நடுவே ஓங்கி நிற்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் சரிவுகள் குளிர்காலத்தில் வெண்பனி மூடிக் கிடக்கும். பஞ்சினும் மெல்லியதாய்த் தோன்றும் அப்பனி, சில வேளைகளில் பெருந்திரளாய்ச் சரிந்து ஊர்களையும் உயிர்களையும் புதைத்துவிடும். அப்பனியின் இயல்பை ஆராய்ந்து, குளிர்கால மலைப்பயணத்துக்கு நெறி வகுத்த பெரியோருள் ஒருவர் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி.

இவர் 1856ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25ஆம் நாள் மொரேவியாவில் பிறந்தார். அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்த அந்நிலம், இன்று செக் நாட்டில் உள்ளது. ஆசிரியராகவும் ஓவியராகவும் விளங்கிய ஸ்தார்ஸ்கி, 1889இல் ஆஸ்திரியாவின் லிலியன்பெல்டு என்னும் ஊரின் அருகே ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினார். சுற்றிலும் மலை, குளிர்காலம் முழுவதும் பனி.

நார்வே நாட்டு வீரர் நான்சன் 1888இல் சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக் கிரீன்லாந்தைக் கடந்தார். அவ்வரலாற்றைப் படித்த ஸ்தார்ஸ்கி, நார்வேயிலிருந்து சறுக்குக் கட்டைகளை வரவழைத்தார். ஆனால் அந்நாட்டின் தாழ்ந்த குன்றுகளுக்கு ஏற்ற நீண்ட கட்டைகள், ஆல்ப்ஸின் செங்குத்தான சரிவுகளுக்குப் பொருந்தவில்லை. ஸ்தார்ஸ்கி மனந்தளரவில்லை. கட்டைகளின் நீளத்தைக் குறைத்தார். காலணியை உறுதியாகப் பற்றும் எஃகுப் பிணைப்பை அமைத்தார். ஒரே கோலைத் துணையாகக் கொண்டு, வேகத்தை அடக்கித் திசை திருப்பும் முறையைக் கண்டறிந்தார். தாம் கண்ட முறையை 1890களின் பிற்பகுதியில் நூலாக வெளியிட்டதோடு, தம்மை நாடி வந்தோர்க்கு ஊதியம் பெறாமல் கற்பித்தும் வந்தார். 1905ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், லிலியன்பெல்டின் அருகிலுள்ள மலையில் கொடிகளைச் சுற்றி வளைந்து இறங்கும் போட்டி ஒன்றை நடத்தினார்.

விரைந்து செல்வதினும் நலமாக வீடு திரும்புவதே பெரிது என்பது அவர்தம் கொள்கை. ஆகவே, புயலில் சிக்கியோர் உள்ளே புகுந்து குளிரைத் தாங்குவதற்குரிய, எளிதில் சுமக்கத்தக்க கூடாரப் பை ஒன்றையும் அவர் உருவாக்கினார். மலையேறுவோர் இன்றும் அத்தகைய பைகளைக் கொண்டு செல்கின்றனர்.

முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்குமிடையே ஆல்ப்ஸ் மலையிலேயே போர் மூண்டது. பகைவரின் குண்டுகளோடு பனிச்சரிவும் வீரர்களைக் கொன்றது. மலைப்பயணத்தில் பயிற்சி அளிப்பதற்காக ஸ்தார்ஸ்கி படையில் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், பனிச்சரிவில் அகப்பட்ட வீரர்களை மீட்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, மற்றொரு சரிவு அவரையே புதைத்தது. அறுபது வயது நிறைந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. அவர் உயிருடன் மீட்கப்பட்டார். ஆனால் உடலில் ஏறத்தாழ எண்பது எலும்பு முறிவுகள் இருந்தன. பனியைப் பற்றி அவரளவு அறிந்தோர் அந்நாளில் மிகச் சிலரே. அவரையும் பனி விட்டுவைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், மார்மோலாடா மலையில் இறங்கிய பனிச்சரிவு படைமுகாம் ஒன்றைப் புதைத்தது. ஏறத்தாழ 270 வீரர்கள் ஒருங்கே மாண்டனர். முகாமை இடம் மாற்றவேண்டும் என்று அங்கிருந்த தலைவர் முன்னரே வேண்டியும், மேலிடம் செவிசாய்க்கவில்லை.

ஸ்தார்ஸ்கி அரிய முயற்சியால் மீண்டும் நடந்தார். மீண்டும் பனியில் சறுக்கவும் செய்தார். தாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்குப் பயன்படும் அறிவாக மாற்ற எண்ணி, 1929இல் பனிச்சரிவு பற்றிய நூலை வெளியிட்டார்.

அவரும் அவர் காலத்து அறிஞர்களும் தொடங்கிய ஆராய்ச்சி இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. மலைப்பனி ஒரே பொருளாகக் கிடப்பதன்று. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகின்றது. வலுவற்ற அடுக்கின்மேல் கனத்த அடுக்கு படியும்போது இடர் பிறக்கின்றது. புதுப்பனி மிகுதியாகப் பொழிந்தாலும், காற்று பனியை ஓரிடத்தில் குவித்தாலும், வெப்பம் திடீரென உயர்ந்தாலும் இடர் பெருகும். பயணம் செய்வோரின் எடையே அடுக்கு முறியப் போதுமானது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரையுள்ள சரிவுகளிலேயே இது மிகுதியாக நிகழ்கின்றது.

ஆதலின், அறிவுடையோர் புறப்படுமுன் பனிநிலை அறிக்கையைக் கற்பர். ஐயத்துக்குரிய சரிவைத் தவிர்ப்பர். கடக்க நேரின் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடப்பர். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிடில் பிழைப்பது அரிது. அதனால் ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, ஆழம் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் உடன்கொண்டு செல்வர்.

1940ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில் ஸ்தார்ஸ்கி இயற்கை எய்தினார். தேர்ச்சி மிக்கவனுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்பதையும், அடைந்த துன்பத்திலிருந்து பிறரைக் காக்கும் அறிவைப் பெறலாம் என்பதையும் அவர்தம் வாழ்க்கை உணர்த்துகின்றது. அஞ்சுவதற்கு அஞ்சித் திரும்புவது கோழைமை அன்று. அதுவே மலை கற்பிக்கும் முதற்பாடம்.