பழைய டயருக்குப் புது உயிர்!



மதுரை, திருநகரில் இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் காத்திருக்கிறீர்கள். பஸ் வரவே இல்லை. 'பெட்ரோல் தீர்ந்து விட்டது. டயரும் தேய்ந்து போச்சு. புதுசு எங்கேயும் கிடைக்காது...' என்று சொன்னால், என்ன செய்வீர்கள்?

80 ஆண்டுகளுக்கு முன், மதுரையில் பஸ் கம்பெனி நடத்திய ஒருவருக்கு, உண்மையிலேயே இந்தச் சோதனை வந்தது. அவர் யார் தெரியுமா? டி.வி.சுந்தரம் அய்யங்கார். 'டி.வி.எஸ்.,' என்ற மூன்றெழுத்து, இவர் பெயரில் இருந்து வந்தது தான்!

திருநெல்வேலி மாவட்டம், திருக்குறுங்குடியில், 1877 மார்ச் 22ல் பிறந்தார். சட்டத் தொழில், ரயில்வே, வங்கி என, பல வேலைகளைப் பார்த்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. 1911ல், சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். 1912ல் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். மாட்டு வண்டிகள் ஓடிய மண் சாலையில், பஸ் என்பது அன்று பெரிய அதிசயம்!

அக்காலத்தில், மோட்டார் வண்டிகள் வெளிநாட்டில் இருந்து தான் வரும். ஒரு சின்ன பாகம் உடைந்தாலும், மாற்றுப் பாகம் கப்பலில் வர வேண்டும். அதுவரை வண்டி முடங்கிக் கிடக்கும். எனவே, வண்டி ஓட்டுவதோடு, பழுது பார்ப்பது, உதிரி பாகங்கள் விற்பது போன்ற தொழில்களிலும் இவரது நிறுவனம் இறங்கியது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942ல், மலேயாவையும், பர்மாவையும் ஜப்பான் பிடித்தது. மலேயா ரப்பரும், பர்மா எண்ணெயும் நின்று போயின. பஸ்களை நிறுத்தி விட்டால், ஊழியர் பிழைப்பு என்ன ஆகும்? மக்கள் எப்படிப் பயணம் செய்வர்?

அப்போது சுந்தரம் அய்யங்காருக்கு வயது, 65. வேறு யாராவது என்றால், 'போர் முடியட்டும்' என்று உட்கார்ந்திருப்பர். இவர் உட்காரவில்லை. பெட்ரோலுக்குப் பதிலாக, கரி வாயுவில் பஸ் ஓட வழி செய்தார். அதற்கான கருவி தான், 'டி.வி.எஸ்., காஸ் பிளான்ட்!'

இது எப்படி வேலை செய்யும் தெரியுமா? ஓர் உருளைக்குள் அடுப்புக் கரியைப் போட்டு, குறைந்த காற்றில் எரிய விட வேண்டும். அப்போது, எரியக் கூடிய வாயு உண்டாகும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி, இன்ஜினுக்குள் செலுத்தினால், பஸ் ஓடும். பெட்ரோல் அளவுக்கு வேகம் இருக்காது. ஆனால், ஊர் போய்ச் சேரலாம்!

பழைய டயர்களைப் புதுப்பிக்கவும், தொழிற்சாலை அமைத்தார். தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டி, புது ரப்பர் பட்டையை வைத்து, சூடேற்றி ஒட்ட வைத்தால், பழைய டயர் மறுபடியும் ஓடும். ஆனால், எல்லா டயருக்கும் இது சரிப்படாது. உள்ளே இருக்கும் நூல் அடுக்கு கிழிந்திருந்தால், அதைக் கழித்து விட வேண்டியது தான். எது தேறும், எது தேறாது என்று பார்க்கத் தெரிவது தான் கெட்டிக்காரத்தனம்!

சுந்தரம் அய்யங்கார், 1955 ஏப்ரல் 28ல், கொடைக்கானலில் மறைந்தார். இன்றும், மதுரை - மேலூர் பக்கம் உள்ள வெள்ளரிப்பட்டியில், டி.வி.எஸ்., குழும ஆலையில் டயர்கள் தயாராகின்றன.

குட்டீஸ்... உங்கள் சைக்கிளுக்குப் பழைய பெடலோ, செயினோ வாங்கப் போனால், விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துமா, விரிசல் இருக்கிறதா, மரை தேய்ந்திருக்கிறதா என்று, பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். தேறுமென்றால், தைரியமாக வாங்குங்கள். பிரேக் கட்டை தேய்ந்தால் மட்டும் புதுசு தான். அதில் சிக்கனம் கூடாது. சரியா?