முகத்தை மறைக்காத மனிதர்

1998ஆம் ஆண்டு டிசம்பர் 12. சிங்கப்பூரின் முதல் தேசிய எய்ட்ஸ் மாநாட்டில் 38 வயது மனிதர் ஒருவர், தமக்கு எய்ட்ஸ் இருப்பதை அனைவர் முன்னிலையிலும் அறிவித்தார். அவர் பேட்டி சியூ. இந்நாட்டில் முதல் எச்ஐவி தொற்று 1985இல் கண்டறியப்பட்டது. அதன்பின் 13 ஆண்டுகள் அந்நோய்க்கு இங்கே எண்ணிக்கை மட்டுமே இருந்தது, முகம் இல்லை. அந்த முகத்தைக் கொடுத்தவர் சியூ.

பல்கலைக்கழகத்தில் உலக எய்ட்ஸ் தினக் கண்காட்சிக்குத் தகவல் திரட்டும் பொறுப்பு எனக்குக் கிடைத்தபோதுதான் அவரைப் பற்றி அறிந்தேன். அதுவரை இது யாரோ சிலருக்கு வரும் நோய் என்றே நானும் நினைத்திருந்தேன்.

சியூ 1960இல் பிறந்தவர். சிங்கப்பூர் ஏர்லைன்சில் விமானப் பணியாளராக இருந்தவர். தொற்று இருப்பது தெரிந்த பிறகு, மற்றவர்களைப் போலவே அவரும் பெயரையும் முகத்தையும் மறைத்து வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆண், பெண் இருபாலர் மீதும் தமக்கு ஈர்ப்பு உண்டு என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

1999 மே மாதம், தி நெசசரி ஸ்டேஜ் நாடகக் குழுவின் மேடையில் ஏறித் தம் வாழ்க்கையைத் தாமே சொன்னார். நோய் அவர் உடலை உருக்கிக்கொண்டிருந்த காலம் அது. மூன்றே மாதங்களில், ஆகஸ்ட் 21 அன்று, 39ஆம் வயதில் மறைந்தார்.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 முதலே உலகில் இருந்தது. ஆனால் அன்று அதன் விலை பலருக்கு எட்டாதது. 2020 முதல் இங்கே அம்மருந்துகளுக்கு அரசாங்க மானியம் கிடைக்கிறது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழி அது பிறருக்குப் பரவுவதும் இல்லை. ஆனால் தொற்று இருப்பது தெரிந்தால்தானே மருந்து? எச்ஐவி பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் இருக்கக்கூடியது. பரிசோதனை ஒன்றே வழி.

கண்காட்சியில் நாங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரங்களைப் பலர் வாங்கியதும் பைக்குள் மறைத்ததைக் கண்டேன். அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பெயர் சொல்லாமலே பரிசோதனை செய்துகொள்ளும் வசதி சிங்கப்பூரில் 1991 முதல் இருக்கிறது. நானோ, என் அச்சத்திற்குக் காரணம் இருந்தும், பல மாதங்கள் அங்கே போகவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் என்ற பயம்.

ஒரு நாள் போனேன். பெயர் கேட்கவில்லை, ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாது, சோதனையின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம் என்று ஆலோசகர் விளக்கினார். ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றியும் கூச்சமின்றிப் பேசினார். விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு இரத்தம். முடிவுக்குக் காத்திருந்த இருபது நிமிடங்களும் சியூவையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாடறிய நின்றவர் அவர். எனக்கோ பெயரைக்கூடச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

என் முடிவு என்ன என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. எதுவாக இருந்தாலும், தெரிந்துகொண்டது நல்லதே.

நண்பர்களே, சியூவின் துணிவு முழுவதும் நமக்கு வேண்டியதில்லை. ஒரு மருந்தகத்தின் கதவைத் திறக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.