யாருடைய விருப்பம்? எம்.சி. ராஜாவின் வாழ்வு கேட்கும் கேள்வி

தேர்தல் முடிந்த சில மாதங்களிலேயே நம் காலனிகளில் ஒரு குறை கேட்கத் தொடங்கிவிடும். தனித்தொகுதியில் நின்று வென்ற நம்மவர், நம் பிரச்சினை என்று வந்தால் வாய் திறப்பதில்லை என்பதே அது. அவரைக் கேட்டால் வேறொரு நியாயம் சொல்வார். தமக்கு எல்லாச் சாதியினரும் வாக்களித்திருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் பேசினால் அடுத்த முறை ஊர்த்தெருவுக்குள் வாக்குக் கேட்டு நுழைய முடியாது என்பார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொள்கைக்குக் கட்டுப்பட்டவரா, வாக்களித்தவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவரா?

இந்தக் கேள்வி இன்று பிறந்ததல்ல. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதன் நடுவில் நின்று அல்லாடியவர் எம்.சி. ராஜா. அவர் பெயரில் சென்னையில் மாணவர் விடுதி இருக்கிறது. அவர் சட்டசபையில் பட்ட பாட்டை நம் மாணவர்கள் அவ்வளவாக அறிவதில்லை. அதனால் இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

பரங்கிமலையிலிருந்து சட்டசபைக்கு

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலையில் பிறந்தார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியராகப் பணியாற்றினார். நம் பிள்ளைகள் பள்ளி வாசலில் கால் வைப்பதே போராட்டமாக இருந்த காலம் அது. 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார்.

1920 தேர்தலுக்குப் பிறகு அமைந்த சென்னை மாகாண சட்டசபையில் நீதிக்கட்சியின் பக்கம் இடம்பெற்றார். ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக அந்த அவைக்குள் நுழைந்த முன்னோடி அவர். 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் முக்கியமானது. அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்று எழுதுவதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்பது அது. அரசு அதை ஏற்றது. இன்று நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் இருக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ராஜாவின் உழைப்பு இருக்கிறது.

ஆனால் கட்சியோடு அவருக்கு அதிக நாள் ஒத்துப்போகவில்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஆதிதிராவிடக் குடும்பங்கள் குடிசைகளை இழந்தன. அப்போது கட்சித் தலைவர்கள் நடந்துகொண்ட விதம் ராஜாவைப் புண்படுத்தியது. 1923இல் கட்சியை விட்டு விலகினார். பதவி தந்த கட்சியைவிடத் தன் மக்கள் பெரிது என்று அவர் முடிவெடுத்த முதல் தருணம் அது.

1925இல் நம் மக்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பிறகு பத்தாண்டு காலம், 1927 முதல் 1937 வரை, டெல்லியில் மத்திய சட்டசபையின் உறுப்பினராக இருந்தார்.

1932இல் எடுத்த முடிவு

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் தனித்தொகுதி என்று சொல்வதில் வேட்பாளர் மட்டுமே பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்; வாக்களிப்பவர் எல்லாச் சாதியினரும். அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கேட்டது வேறு. நம் பிரதிநிதியை நம் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி அது.

ராஜாவும் முதலில் அந்தப் பக்கமே இருந்தவர். ஆனால் வட்டமேசை மாநாட்டுக்கு அவரை அழைக்கவில்லை. 1932 தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். இடங்கள் நமக்கு ஒதுக்கப்படட்டும், வாக்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கரின் ஆதரவாளர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மாநாட்டுக்கு அழைப்பு வராத மனக்கசப்பு இதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் ராஜாவின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. ஒரே கிராமத்தில் வாழும் சிறுபான்மையான நாம், பெரும்பான்மையோடு ஒட்டாமல் தனித்து நின்றால் மேலும் தனிமைப்படுவோம் என்று அவர் அஞ்சினார். நம் வாக்கு அவர்களுக்கும் வேண்டும் என்ற நிலை வந்தால், அவர்கள் நம்மிடம் வருவார்கள் என்று நம்பினார்.

ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த தீர்ப்பு தனி வாக்காளர் தொகுதியை நமக்குத் தந்தது. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடு முழுவதும் மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள், அவற்றில் சென்னை மாகாணத்துக்கு 30. முதல் சுற்றில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்வு செய்வார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். கடைசி முடிவு பெரும்பான்மையின் கையில். கையெழுத்திட்டவர்களில் ராஜாவும் ஒருவர்.

கோயில் கதவும் தேர்தல் பயமும்

ஒப்பந்தத்தை ஒட்டி, கோயில்களைத் திறந்துவிடும் பேச்சு நாடெங்கும் எழுந்தது. மத்திய சட்டசபையில் சி.எஸ். ரங்கா ஐயர் 1933இல் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்தார். ராஜாஜியே டெல்லிக்குப் போய் உறுப்பினர்களிடம் அதற்கு ஆதரவு திரட்டினார். ஆனால் 1934இல் மத்திய சட்டசபைத் தேர்தல் நெருங்கியது. தேர்தலில் இது ஒரு பிரச்சினையாவதைக் காங்கிரஸ் விரும்பவில்லை. ஆதரவு விலகியது. ரங்கா ஐயர் கசப்போடு மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த அவையில் ராஜாவும் உறுப்பினர்.

ஆனாலும் அவர் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. 1937 தேர்தலில் வென்று சென்னை சட்டசபைக்கு வந்தார். 215 இடங்களில் காங்கிரஸ் 159ஐப் பிடித்தது. நமக்கு ஒதுக்கிய 30இல் 26 இடங்களில் காங்கிரஸ் வேட்பாளர்களே வென்றார்கள். காங்கிரஸ் ஆட்சி அமைக்கத் தயங்கிய சில மாதங்கள் நடந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா அமைச்சராக இருந்தார். ஜூலையில் ராஜாஜி ஆட்சிக்கு வந்தார்.

1938இல் ராஜா கொண்டுவந்த ஒரு மசோதா சட்டமானது. பொதுச் சாலை, கிணறு போன்ற பொது வசதிகளைப் பயன்படுத்தவோ, பொதுப் பணிகளில் சேரவோ சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்ற சட்டம் அது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானமாகக் கொண்டுவந்த உரிமைக்கு இது சட்ட பலம் தந்தது. பெரும்பான்மையை இணங்கவைத்து ஒரு காரியத்தை முடிக்க ராஜாவால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது ஆலயப் பிரவேச மசோதா. அரசின் ஆதரவு கிடைக்கும் என்று நம்பித்தான் அதைக் கொண்டுவந்தார். ஆனால் ராஜாஜி அதைத் திரும்பப் பெறும்படி கேட்டார். மாகாணம் முழுவதற்கும் இப்போது வேண்டாம், மக்கள் மனம் பக்குவப்படவில்லை, முதலில் மலபாரில் தொடங்கலாம் என்பது அவர் தரப்பு. ராஜா இணங்கவில்லை. ஓட்டெடுப்பில் மசோதா பெருவாரியான வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்ற காங்கிரஸ் உறுப்பினர்களும் பெரும்பாலும் கட்சிக் கட்டுப்பாட்டை மீறவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களின் பெயரால் அவைக்கு வந்தவர்கள், அந்த வாசலைத் திறக்கும் மசோதாவுக்குத் துணை நிற்கவில்லை.

ராஜா காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்பும்படி பதில் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பூனாவில் தந்த நம்பிக்கைக்கு அவர் பெற்ற விலை இது.

ராஜாஜிக்கும் ஒரு நியாயம் உண்டு

ராஜாஜியை வெறும் எதிரியாகக் காட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. தீண்டாமையை எதிர்த்து நெடுங்காலம் பேசிவந்தவர் அவர். மக்கள் ஏற்காத சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும், ஊரில் அடிதடி வந்தால் அடிபடுவது ஆதிதிராவிடரே என்ற அச்சம் பொய்யில்லை. வாக்காளரின் மனத்தைப் பக்குவப்படுத்தாமல் ஆட்சி நடத்த முடியாது என்பதும் உண்மையே.

ஆனால் அவர் அரசு 1938 இறுதியில் மலபாருக்குக் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். கோயிலைத் திறக்கலாமா என்று தாலுகாவில் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றது அது. வாக்களிக்க வேண்டியவர்கள் சாதி இந்துக்கள் மட்டும். வெளியே நிறுத்தப்பட்டவரின் விருப்பம் கணக்கில் இல்லை. மக்கள் விருப்பம் என்று பேசும்போது யாரை மக்கள் என்று எண்ணுகிறோம் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட நம்மவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அதன் பிறகு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டில் அது முழுச் சட்டமானது. முந்தைய ஆண்டு பக்குவப்படாதிருந்த மனம் ஓராண்டில் பழுத்துவிட்டதா? சிலர் துணிந்து காலெடுத்து வைத்த பிறகே அரசும் ஊரும் நகர்ந்தன. அண்டை சமஸ்தானமான திருவிதாங்கூரில் 1936இலேயே மன்னரின் ஒரு பிரகடனம் கோயில்களைத் திறந்துவிட்டிருந்தது. வாக்குக் கேட்கத் தேவையில்லாத மன்னரால் முடிந்தது, வாக்குப் பெற்று வந்த சட்டசபையால் முடியவில்லை. மக்களாட்சியை நம்புகிற நாம் வெட்கத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ராஜா தம் அனுபவத்திலிருந்து பாடம் கற்றார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, பத்தாண்டுக்கு முன் எதிரெதிரே நின்ற அம்பேத்கரும் அவரும் சேர்ந்தே போய்ச் சந்தித்தார்கள். நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தவர் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. கூர்ந்து பார்த்தால் அவர் மாற்றியது வழியைத்தான். நம் மக்கள் எல்லோருக்கும் சமமாக நடமாட வேண்டும் என்ற இலக்கு 1916இலும் 1942இலும் ஒன்றே. 1943இல் அவர் காலமானார்.

நமக்கு மிஞ்சுவது

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்தாண்டு காலம் அங்கே முறையான தலைவர் வர முடியவில்லை. ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஆள் வெல்வார். பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். பெரும்பான்மை வாக்காளரின் விருப்பத்தை அச்சுப் பிசகாமல் நிறைவேற்றியவர்கள் அவர்கள். அதைப் பிரதிநிதித்துவம் என்று யாரும் சொல்ல மாட்டோம். 2006இல்தான் அந்த நிலை மாறியது.

எங்கள் கருத்து இதுதான். சாலை எந்தத் தெருவில் முதலில் போட வேண்டும், குடிநீர்த் தொட்டி எங்கே வேண்டும், எந்த ஊருக்குப் பேருந்து விட வேண்டும் என்பதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வாக்காளர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அதில் தம் பிடிவாதத்தைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு மனிதர் அந்தச் சாலையில் செருப்புப் போட்டு நடக்கலாமா, அந்தத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கலாமா, அந்தக் கோயிலுக்குள் போகலாமா என்பது வாக்கெடுப்புக்கு உரிய விஷயமே அல்ல. அங்கே பெரும்பான்மையின் மனம் நோகுமே என்று ஒதுங்குபவர், தமக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினரை வாக்காளராகவே எண்ணவில்லை என்று பொருள்.

ராஜா அன்று ஓட்டெடுப்பில் தோற்றார். அவர் கேட்ட உரிமை 1947இல் மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டமாக வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையும் விளக்கும் கேளுங்கள். கூடவே, எங்களுக்காகப் பேசினால் உங்கள் வாக்குக் குறையும் என்ற நாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள்.