ஈயத் தகட்டைப் பழக்கிய பிளான்டே

பேட்டரி பாடத்தில் பிளான்டே தகடு, ஃபோர் தகடு வேறுபாடு எழுதி மார்க் வாங்குவதோடு நமக்கும் அந்த இரண்டு பெயருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். போன லீவில் மாமாவின் தோட்டத்து வீட்டுக்குப் போன பிறகுதான் பிளான்டே யாரென்று தேடிப் படித்தேன்.

அந்தத் தோட்டத்துக்கு கரண்ட் லைன் கிடையாது. கூரை மேல் இரண்டு சோலார் பேனல், திண்ணை ஓரத்தில் ஒரு பேட்டரி. அதில் தண்ணி குறைந்துவிட்டது என்று மாமா ஒரு கடையில் கேட்கப்போக, கடைக்காரர் ஆசிட்டைக் கொடுத்து ஊற்றச் சொல்லிவிட்டார். சில மாதத்தில் பேட்டரி காலி. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் வீடு இருட்டு. பிளஸ் டூ படிக்கிற மாமா பொண்ணு மெழுகுவர்த்தி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படிக்கிறாயே மாப்ளே, என்ன கோளாறு என்று மாமா கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

இனி கதைக்கு வருவோம். காஸ்டன் பிளான்டே 1834 ஏப்ரல் 22-ல், பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலைப்பக்கம் ஓர்தெஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1854-ல், இருபதாவது வயதில், பாரிஸில் இருந்த கலை, தொழில் கன்சர்வேட்டரியில் இயற்பியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த பேராசிரியர் எட்மண்ட் பெக்கரல். கதிரியக்கம் கண்டுபிடித்த ஹென்றி பெக்கரலின் அப்பா. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-லேயே கண்டவர் அவர்தான். நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மாமா வீட்டுக் கூரையில் இருப்பது வாத்தியார் தொடங்கிவைத்த வித்தை, திண்ணையில் இருப்பது சிஷ்யன் செய்தது! இரண்டும் ஒரே வீட்டில் சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

நடுவில் 1855-ல் பாரிஸ் பக்கத்தில் பறக்க முடியாத ஒரு ராட்சசப் பறவையின் எலும்பையும் கண்டெடுத்தார். அதற்கு இவர் பெயரை வைத்தே காஸ்டோர்னிஸ் என்று பெயரிட்டார்கள். இருபத்தோரு வயதில் நாம் அரியர் எழுதிக்கொண்டிருப்போம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். ஆசிட்டில் இரண்டு உலோகத் தகட்டை வைத்து மின்சாரம் செலுத்திவிட்டு நிறுத்தினால், கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் மின்சாரம் வரும். செல்லின் பலத்தைக் குறைக்கிற தொல்லை இது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிளான்டே அந்தத் தொல்லையையே பிடித்துக்கொண்டார். செம்பு, வெள்ளி, தகரம், தங்கம், பிளாட்டினம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஜெயித்தது மலிவான ஈயம். 1859-ல் இரண்டு நீளமான ஈயத் தகட்டை இடையில் துணி வைத்துப் பாய் போலச் சுருட்டி, பத்தில் ஒரு பங்கு கந்தக அமிலம் சேர்த்த தண்ணீரில் இறக்கினார். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி அதுதான். 1860-ல் ஒன்பது செல் சேர்த்து அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

ஆனால் புதுத் தகடு அதிகம் மின்சாரம் பிடிக்காது. அதைப் பழக்க வேண்டும். சார்ஜ் செய்வார், இறக்குவார், திசை மாற்றி மறுபடி சார்ஜ் செய்வார், சும்மா விடுவார். இப்படி மாதக்கணக்கில். கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டின் மேற்பரப்பு பஞ்சு போலாகி, ஒன்று ஈய டையாக்சைடாகவும் மற்றது மிருதுவான ஈயமாகவும் மாறும். சார்ஜ் செய்ய அன்றைக்கு டைனமோ ஏது? நைட்ரிக் அமிலம் ஊற்றிய புன்சன் செல்கள்தான். புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். நாம் லேபில் பத்து நிமிஷம் ரீடிங் எடுக்கவே அலுத்துக்கொள்கிறோம்!

மாமா கேள்விக்குப் பதில் இந்தத் தகட்டில்தான் இருக்கிறது. மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடும் ஈய சல்பேட்டாகும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏறினால் அமிலம் திரும்ப வந்துவிடும். சார்ஜின் கடைசியில் தண்ணீர் மட்டும்தான் ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரிந்து போகிறது. போனது தண்ணீர் என்றால் ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர்தானே. ஆசிட் ஊற்றினால் அடர்த்தி ஏறித் தகட்டை அரித்துவிடும். மழைக்காலத்தில் சார்ஜ் ஏறாத பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் வேறு வம்பு. சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு வெயில் வந்தாலும் கரையாது. தகடு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணி குறையவும் விடக்கூடாது.

1860-ல் பிளான்டே தொழிலாளருக்குக் கல்வி கொடுத்த பாலிடெக்னிக் சங்கத்தில் இயற்பியல் ஆசிரியரானார். பெயரைக் கவனித்தீர்களா, நம்ம ஆளு! பின்னாளில் நூற்றுக்கணக்கான செல்களை பேரலலில் சார்ஜ் செய்து, சீரிஸில் மாற்றி, பெரிய வோல்டேஜ் எடுத்து மின்னலை ஆராய்ந்தார். பேட்டரியால் பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி விளக்கேற்றும் ஒரு கருவி செய்து அதற்கு சனியின் பெயர் வைத்தார். அவர்கள் ஊரில் ஈயம் சனியின் உலோகம். நம்ம ஊரில் இரும்பு. தன் ஆராய்ச்சிகளை 1879-ல் புத்தகமாக்கினார்.

1881-ல் கமில் ஃபோர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசிவிட்டார். மாதக்கணக்கான பழக்கல் வேலை வெகுவாகக் குறைந்தது. பேட்டரி தொழிற்சாலைக்குள் போனதும் அதற்கப்புறம்தான். பிளான்டே 1889 மே 21-ல், 55 வயதில், பாரிஸ் பக்கத்து பெல்வ்யூவில் இறந்தார்.

மாமா இப்போது புது டியூபுலர் பேட்டரி போட்டிருக்கிறார். கூடவே ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கிக் கொடுத்தேன். ஃபுல் சார்ஜில் 1.25-க்கு மேல் நிற்க வேண்டும், 1.15-க்கு வந்தால் காலி என்று மாமா பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆறு செல்லையும் பார்த்து காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறாள். போன வாரம் மூன்றாவது செல் மட்டும் 1.22 காட்டியதாம். இந்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.