இரட்டையரில் இளையவர்

மூத்தவனுக்கு இராமன் பெயரையும் இளையவனுக்கு இலக்குவன் பெயரையும் சூட்டிவிட்டால், இளையவன் பாடு சற்றுச் சங்கடந்தான். பின்னால் நடப்பதே அவன் கடன் என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாருக்கு வாய்த்த பெயர் அது.

1887 அக்டோபர் 14-ஆம் நாள், கர்நூலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டையர் பிறந்தனர். மூத்தவர் இராமசாமி. கர்நூலில் பள்ளிப் படிப்பை முடித்து, 1903-இல் சென்னைக்கு வந்து, கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தனர். ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே கல்லூரி. அண்ணன் படித்த பள்ளியிலேயே படித்து, 'நீ இன்னாருக்குத் தம்பியா?' என்ற கேள்வியைக் கேட்டுப் புளித்துப்போன நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்காவது இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருந்திருக்கும்!

பாதை பிரிந்தது தொழிலில்தான். அண்ணன் சட்டம் பயின்று, நீதிக் கட்சியின் அரசியலில் புகுந்தார். தம்பி மருத்துவத்தைப் பற்றினார். அதிலும் மகப்பேறு மருத்துவத்தை. இரட்டையராய்ப் பிறந்தவர் பிரசவம் பார்க்கும் கலையில் வல்லவரானது ஒரு விந்தை! அவர் எழுதிய மகப்பேற்று நூல், திருத்தப்பட்ட பதிப்புகளாக மருத்துவ மாணவர் பல தலைமுறையினரின் கைகளில் தவழ்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல்வரானார். பின்னர் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

பிரிந்த பாதைகள் அடிக்கடி அருகருகே வந்தன. 1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவர் அண்ணன். அம்மன்றம் கூட்டிய சுகாதார மாநாட்டில்தான் உலக சுகாதார நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு 1949-இல் தலைவரானவர் தம்பி. 1951-இல் அண்ணன் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானபோது, தம்பி அதே பதவியில் சென்னையில் ஒன்பது ஆண்டு பழகியவர். இங்கே முந்தியவர் இலக்குவனே. இருப்பினும், முதலியார் என்றால் எந்த முதலியார் என்ற குழப்பம் இன்றும் நம் மாணவரிடையே தீரவில்லை.

அவருடைய பணிகளில் எனக்கு மிக உகந்தது 1952-இல் அவர் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுதான். எல்லா மாணவரையும் ஒரே அச்சில் வார்க்கும் முறையை அக்குழு ஏற்கவில்லை. கலையியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை வகுத்து, அவரவர் நாட்டத்துக்கேற்ப மாணவர் தேர்ந்துகொள்ளட்டும் என்றது. பணமும் ஆசிரியரும் போதாமல், பல்நோக்குப் பள்ளிகள் எதிர்பார்த்த அளவு வேரூன்றவில்லை என்பது வேறு கதை.

1963-இல் தம்பிக்குப் பத்ம விபூஷண். அண்ணனுக்கு அது 1970-இல் கிடைத்தது. 1974 ஏப்ரலில் இலட்சுமணசாமி மறைந்தார். மூத்தவர் மேலும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.