ஒட்டுப் போடுவதா, டயரை மாற்றுவதா?
டயரைத் தந்த மிருக வைத்தியரின் கதை

தர்மபுரி மாவட்டம், இண்டூர். சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு, சுவரில் தொங்கும் பழைய டயர்கள்.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். பின் சக்கரத்தில் ஆணி!

ஒட்டினால் போதுமா? புது டயர் போட வேண்டுமா? ஒட்டுவதற்குச் செலவு கொஞ்சம்தான். புது டயர் என்றால் ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால், ஒட்டக்கூடாத டயரை ஒட்டிக்கொண்டு ஓடினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கேள்வி நேற்று வந்தது அல்ல. காற்று டயர் பிறந்தபோதே கூடப் பிறந்தது. டயரைச் செய்தவரின் கதையிலேயே இதற்கு விடையும் இருக்கிறது.

அவர் என்ஜினீயர் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுத்த மிருக வைத்தியர். பெயர், ஜான் பாய்டு டன்லப்.

மகனின் சைக்கிள்

ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற ஊரில், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி டன்லப் பிறந்தார். எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்குப் போனார். பெல்பாஸ்ட் நகரில் அவருடைய வைத்தியத் தொழில் நன்றாக நடந்தது.

அவருக்கு ஜானி என்று ஒரு மகன். பையனிடம் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்தில் சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். தெருவோ கல் பாவிய தெரு. சைக்கிள் கடகடவென்று குலுக்கி எடுத்தது.

1887-ல் டன்லப் ஒரு சோதனை செய்தார். மெல்லிய ரப்பரைக் குழாய் போல ஒட்டினார். அதை ஒரு மரச்சக்கரத்தின் மேல் வைத்து, துணியால் சுற்றி, ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றை நிரப்பினார்.

இதையும், சைக்கிளின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் நடுவழியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைத் தாண்டி ஓடி, வாசல் கதவில் மோதித் திரும்பியது!

1888-ல் டன்லப் பேட்டண்ட் உரிமை பெற்றார்.

பருத்த டயரைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். 1889 மே 18-ந் தேதி பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் அந்தச் சிரிப்பு அடங்கியது. வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் சைக்கிளில் வந்தார். நான்கு பந்தயங்களில் ஓடினார். நான்கிலும் அவருக்கே வெற்றி!

பஞ்சர் தந்த தொல்லை

ஆனால் ஒரு தொல்லை கூடவே வந்தது. முதலில் வந்த டயர்களைச் சக்கரத்தோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு முள் குத்தினாலும் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும்.

1889-ல் பிரான்சில் மிஷலின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு, டன்லப் டயர் போட்ட ஒரு சைக்கிள் பஞ்சராகி வந்தது. பிரித்து ஒட்ட 3 மணி நேரம் ஆயிற்று. பசை காய ஓர் இரவு ஆயிற்று. மறுநாள் எத்வார் மிஷலின் அதை ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடியும் காற்று இறங்கிவிட்டது!

டயர் நல்லதுதான், கழற்றத் தெரியாததுதான் குறை என்று அவருக்குப் புரிந்தது. 1891-ல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 1890-ல் பிரிட்டனில் வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் தனித்தனியாக அப்படிப்பட்ட முறைகளைக் கண்டிருந்தார்கள். அவற்றின் உரிமையை டன்லப் கம்பெனி விலைக்கு வாங்கியது.

இண்டூர்க் கடைக்காரர் இன்று டயரை நெம்பி டியூபை உருவுகிறாரே, அந்த வசதி இப்படித்தான் வந்தது.

உரிமை போயிற்று

டன்லப்புக்கு ஓர் இடி காத்திருந்தது. ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-லேயே காற்றுச் சக்கரத்துக்கு உரிமை வாங்கியிருந்தார். அப்போது சைக்கிள் பரவவில்லை. அதனால் உலகம் அதை மறந்துவிட்டது. 1890-ல் டன்லப்பின் உரிமை செல்லாது என்று ஆயிற்று.

1895-ல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். மறு ஆண்டே அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. டயரைச் செய்தவருக்கு அந்தப் பெரும் பணம் கிடைக்கவில்லை.

ஆனால் அவர் டயர் உலகமெங்கும் உருண்டது. 1894-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிளும் காற்று டயரில்தான் ஓடியது. 1921 அக்டோபர் 23-ந் தேதி, டப்ளின் நகரில் டன்லப் காலமானார்.

அவர் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1959-ல் சென்னை அம்பத்தூரில் டன்லப் ஆலை தொடங்கியது. ஆலை ஓய்ந்துவிட்டது. பெயர் ஓயவில்லை. அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் அந்த இடத்தை டன்லப் என்றே சொல்கிறார்கள்.

விடை இதுதான்

டன்லப் செய்த டயரில் மூன்று பாகங்கள். உள்ளே, காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர். அதைச் சுற்றி, பாரம் தாங்கும் துணி. வெளியே, தரையில் தேயும் ரப்பர்.

இன்றைய மோட்டார் சைக்கிள் டயரும் அதே மாதிரிதான். துணிக்குப் பதில் நைலான் போன்ற இழைகள். டியூப் இல்லாத டயரில், டியூபின் வேலையை டயரின் உட்புறமே செய்கிறது.

ஆணி, தரையில் படும் பாகத்தில் குத்திச் சிறிய துளை மட்டும் விழுந்திருந்தால் தாராளமாக ஒட்டலாம். டியூப் இல்லாத டயர் என்றால், கழற்றி உட்புறமாக அடைப்பது நல்லது. உள்ளே வேறு சேதம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஒட்டக்கூடாது. உள் இழை அறுந்திருந்தாலும், டயர் வீங்கி எழும்பியிருந்தாலும் அப்படியே. மேல் ரப்பர் வழுக்கையாகிவிட்டால் பஞ்சரே இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். காற்று இல்லாமல் வெகு தூரம் ஓட்டிவிட்டால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பக்கச் சுவர் நசுங்கியிருக்கும். காற்றில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது அதனால்தான் நல்லது.

பெல்பாஸ்ட் முற்றத்தில் காற்றைப் பிடித்தது ரப்பர்; பாரத்தைத் தாங்கியது துணி. காற்று போனால் ஒட்டலாம். துணி போனால் மாற்றத்தான் வேண்டும்.

இண்டூர்க் கடையில் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் ஓர் உயிரைக் காப்பாற்றும்!