நட்பின் கடன்: நத்தானியல் ஹாதார்னும் உடன்பயின்றோரும்

எழுத்தாளன் தன் ஆற்றலைத் தானே ஐயுறும் காலத்தில், அதனை அறிந்து எடுத்துச் சொல்ல ஒருவரேனும் வேண்டும். அமெரிக்கப் புதின ஆசிரியர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் நத்தானியல் ஹாதார்னுக்கு அவ்வாறு வாய்த்தவர்கள் அவருடன் கல்லூரியில் பயின்றவர்களே. அவர்களால் அவர் எழுத்துலகில் கால்கொண்டார். அவர்களுள் ஒருவர் பொருட்டுப் பிற்காலத்தில் தம் நற்பெயருக்கு இழுக்கு வரினும் வருக என்று துணிந்தார்.

1804ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் ஹாதார்ன் பிறந்தார். தமிழகத்துச் சேலத்தோடு பெயரில் மட்டும் ஒன்றுபடும் துறைமுக நகரம் அது. கப்பல் தலைவராயிருந்த தந்தை, மகனுக்கு நான்கு வயது நிரம்பும் முன்பே அயல்நாட்டில் காய்ச்சலுக்கு இரையானார். உறவினர் உதவியால் வளர்ந்த ஹாதார்ன், 1821இல் மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரியில் இரண்டு இலக்கியக் கழகங்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று போட்டியாகவே இயங்கின. அவற்றுள் அதீனியன் கழகத்தில் ஹாதார்ன் இடம்பெற்றார். ஓராண்டு மூத்தவரான ஃபிராங்க்ளின் பியர்ஸ், வகுப்புத் தோழர்களான ஹொரேஷியோ பிரிட்ஜ், ஜோனதன் சில்லி ஆகியோர் அங்கே அவருக்கு நெருங்கிய நண்பராயினர். மற்றொன்றான பியூசினியன் கழகத்தில் அதே வகுப்பைச் சேர்ந்த ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெலோ இருந்தார். பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற அவரும் ஹாதார்னும் மாணவப் பருவத்தில் நெருங்கிப் பழகியதில்லை.

1825இல் பட்டம் பெற்றதும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் சென்றனர். பத்தொன்பது வயதில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட லாங்ஃபெலோ பல மொழிகளைக் கற்று, 1829இல் தாம் பயின்ற கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். பியர்ஸ் 1833இல் நாடாளுமன்றம் புகுந்தார். சில்லியும் அரசியலில் உயர்ந்தார். பிரிட்ஜ் வழக்கறிஞரானார். ஹாதார்ன் ஒருவரே தாய்வீடு திரும்பி, அறைக்குள் அமர்ந்து எழுதத் தொடங்கினார். பெயரிடாமல் சொந்தச் செலவில் 1828இல் வெளியிட்ட முதற் புதினம் மனநிறைவு தராததால், கிடைத்த படிகளையெல்லாம் அவரே அழித்தார். இதழ்களில் வந்த கதைகளிலும் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இவ்வாறு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

நண்பரின் மனச்சோர்வு கண்டு கவலையுற்ற பிரிட்ஜ் ஒரு செயல் செய்தார். ஹாதார்ன் அறியாவண்ணம் பாஸ்டன் பதிப்பாளர் ஒருவருக்கு எழுதி, நூலால் இழப்பு நேர்ந்தால் 250 டாலர் வரை தாமே ஈடுசெய்வதாகப் பொறுப்பேற்றார். அதன் பயனாகவே 1837இல் 'இருமுறை சொன்ன கதைகள்' என்னும் தொகுதி, ஆசிரியரின் பெயர் தாங்கி வெளிவந்தது. அதன் படியொன்றை ஹாதார்ன் லாங்ஃபெலோவுக்கு அனுப்பினார். கல்லூரியில் எதிரணிக் கழகத்தில் இருந்த அக்கவிஞர், நார்த் அமெரிக்கன் ரெவ்யூ இதழில் அந்நூலை மனமுவந்து பாராட்டி எழுதினார். மாணவப் பருவத்தில் அரும்பாத நட்பு அதன் பிறகே மலர்ந்தது.

அடுத்த ஆண்டே ஒரு துயரம் நேர்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்த சில்லி, அரசியல் பூசலொன்றில் மற்றோர் உறுப்பினரின் அறைகூவலை ஏற்று, 1838 பிப்ரவரி 24 அன்று துப்பாக்கிச் சண்டையில் மாண்டார். அவருடைய வாழ்வை ஹாதார்ன் இதழொன்றில் எழுதி நினைவு போற்றினார். தலைநகரில் இத்தகைய சண்டைகளைத் தடுக்கும் சட்டம் 1839இல் இயற்றப்பட்டது.

லாங்ஃபெலோவிடம் பட்ட நன்றிக் கடனை ஹாதார்ன் ஒரு கதையால் தீர்த்தார் எனலாம். அக்கேடிய மக்கள் நாடு கடத்தப்பட்டபோது மணமக்கள் இருவர் பிரிக்கப்பட்ட வரலாறு முதலில் ஹாதார்னிடமே சொல்லப்பட்டிருந்தது. விருந்தொன்றில் அதனைக் கேட்டு நெகிழ்ந்த லாங்ஃபெலோ, அது வேண்டும் என விழைந்தார். ஹாதார்ன் மறுக்கவில்லை. 1847இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிய 'எவான்ஜலின்' காவியம் அவ்வாறு பிறந்தது. தமக்கு வந்த கருப்பொருளை மற்றொருவர் கையில் காவியமாகக் கண்ட ஹாதார்ன், அதனைப் போற்றி மதிப்புரையும் எழுதினார். எழுத்தாளரிடையே இது எளிதிற் காணக்கூடிய பண்பன்று.

1846இல் நண்பர்களின் முயற்சியால் சேலம் சுங்கச் சாவடியில் கிடைத்த அலுவல், ஆட்சி மாற்றத்தால் 1849இல் பறிபோயிற்று. வறுமை நெருக்கிய அந்நாளில் எழுதிய 'ஸ்கார்லெட் லெட்டர்' 1850இல் வெளிவந்து அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. அடுத்து வந்த கதைத் தொகுதியைப் பிரிட்ஜுக்குக் காணிக்கையாக்கி, தாம் எழுத்தாளரானதற்குக் காரணம் அவரே என்று அறிவித்தார்.

1852இல் பியர்ஸ் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஹாதார்ன் எழுதினார். பியர்ஸ் வென்றார். லிவர்பூல் நகரின் அமெரிக்கத் தூதரகப் பதவி ஹாதார்னைத் தேடி வந்தது. அந்நூலில் அடிமை முறையின் கொடுமையை மனித முயற்சியால் நீக்க முனைவதினும் இறைவன் திருவுளத்துக்கு விடுவதே தக்கது என்னும் கருத்தை அவர் முன்வைத்திருந்தார். விலங்கு பூண்ட மாந்தரின் துன்பத்தை எட்ட நின்று பார்த்த எழுத்து அது. தவறு காணின் இடித்துரைப்பதும் நட்பின் கடமை என்பது வள்ளுவம். அக்கடமையை ஹாதார்ன் அங்கே செய்யவில்லை. 1854இல் பியர்ஸ் ஒப்பமிட்ட கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம், புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவ வழி திறந்தது. அவருடைய பெயர் வடபுலத்தில் வெறுப்புக்குரியதாயிற்று.

ஆயினும் அந்நட்புக்கு வேறொரு முகமும் உண்டு. தம் மகன் தொடர்வண்டி விபத்தில் கண்முன்னே மாண்டதைக் கண்டவர் பியர்ஸ். 1859இல் ரோம் நகரில் ஹாதார்னின் மூத்த மகள் காய்ச்சலால் உயிருக்குப் போராடியபோது, அங்கு வந்திருந்த அவர் நாள்தோறும் உடனிருந்து தேற்றினார். அந்தத் துணையை ஹாதார்ன் மறக்கவில்லை.

1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, இங்கிலாந்து பற்றிய தம் கட்டுரை நூலைப் பியர்சுக்குக் காணிக்கையாக்க அவர் முற்பட்டார். போரை எதிர்த்துப் பேசிவந்த பியர்சைப் பலர் துரோகி என்றே தூற்றிய காலம் அது. நூல் விற்பனை கெடும் என்று பதிப்பாளர் எச்சரித்தார், ஹாதார்ன் இணங்கவில்லை. எமர்சன் தம் படியிலிருந்து அக்காணிக்கைப் பக்கங்களை வெட்டியெடுத்தார் என்பர்.

1852இல் எழுதிய நூலால் பதவி வந்தது. 1863இல் எழுதிய காணிக்கையால் பழியே வந்தது. முன்னதை நட்பின் பெயரால் மன்னிக்க இயலாது. பின்னதோ, எல்லோரும் கைவிட்ட ஒருவரை, தமக்கு ஊதியம் ஏதுமில்லாத நிலையில், கைவிடாத நெஞ்சுறுதி. பியர்சின் அரசியல் பிழையை அறிந்தோரும் அந்த உறுதியை மதிக்கலாம்.

உடல் நலிந்த ஹாதார்னை 1864 மே மாதம் பியர்ஸ் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பகுதிக்குப் பயணம் அழைத்துச் சென்றார். பிளிமத் ஊர் விடுதியில் 19ஆம் நாள் விடியுமுன், அடுத்த அறையிலிருந்து நண்பரைப் பார்க்க வந்த பியர்சின் கை குளிர்ந்த உடலையே தொட்டது. 23ஆம் நாள் கான்கார்டில் நடந்த இறுதிச் சடங்கில் பேழையைத் தாங்கிச் சென்ற அறிஞர்களுள் லாங்ஃபெலோவும் ஒருவர். நண்பர் மறைவைப் பாடிய இரங்கற்பாவும் அவருடையதே. பேழை தாங்கியோருள் பியர்ஸ் இல்லை.

1875இல், பட்டம் பெற்ற ஐம்பதாம் ஆண்டில், எஞ்சியிருந்த வகுப்புத் தோழர் முன் லாங்ஃபெலோ ஒரு நெடும்பாடலைப் படித்தார். பிரிட்ஜ், தாம் இறந்த 1893ஆம் ஆண்டிலேயே, ஹாதார்ன் பற்றிய நினைவுகளை நூலாக்கினார். இளமையில் ஒருவர் ஏற்ற 250 டாலர் பொறுப்பு, ஓர் இலக்கியத்துக்கே முதலாயிற்று. இலக்கியக் கழகங்கள் தம் உறுப்பினர்க்குச் செய்யத்தக்க பணியும் இதுவே: ஐயுற்று நிற்கும் ஒருவரின் முதல் நூலுக்குத் துணை நிற்றல்.